பெயர் எழுதப்படாத முகங்கள்: ஒளிப்படக் கலை எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒரு பொருள் எவருக்கு உரியது என்னும் வினா சட்டத்தின் வினாவாகத் தோன்றினும், அதன் அடியில் எப்பொழுதும் ஓர் அறவியல் வினா மறைந்து கிடக்கின்றது. நிலத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை எளிதிற் புலப்படும். உழுதவனுக்கு உரியதா, உறுதி வைத்திருப்பவனுக்கு உரியதா என்று மக்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். ஒரு மனிதனின் முகத்தைப் பொறுத்தவரை இத்தகைய வாதம் எழுவதில்லை. முகம் அவனுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், அம்முகத்தின் ஒளிப்படம் எவருடையது? எடுத்தவருடையதா, வாங்கியவருடையதா, பேணுபவருடையதா, அன்றிப் படத்திலே இருப்பவருக்கும் அதில் ஏதேனும் உரிமை உண்டா?

பிரித்தானியாவின் ஒளிப்பட வரலாற்றுத் துறையிலே அண்மைக் காலத்தில் எழுந்த பெருஞ் சர்ச்சையொன்று இவ்வினாவின் ஒரு பாதியைப் பற்றியதாகும். 1853இல் இலண்டனிலே ஒளிப்படச் சங்கம் என்னும் பெயருடன் தோன்றிப் பின்னர் அரச ஒளிப்படச் சங்கமாக வளர்ந்த அமைப்பு ஒன்றரை நூற்றாண்டாகத் திரட்டிய பெருந்தொகுப்பு, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பிரட்போட் நகர நூதனசாலையிலே பேணப்பட்டு வந்தது. அங்கிருந்து 400,000க்கும் மேற்பட்ட பொருட்களை இலண்டனிலுள்ள விக்ரோறியா அல்பேட் நூதனசாலைக்கு மாற்றுவதென 2016இல் அறிவிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. தலைநகரம் பிற நகரங்களின் செல்வத்தைக் கவர்கின்றது என்று ஒருசாராரும், ஒரே கலையின் இரு பெருந்தொகுப்புகள் ஓரிடத்திற் சேர்வது ஆய்வுக்கு நன்று என்று மறுசாராரும் வாதிட்டனர். ஈற்றில் மாற்றம் நிறைவேறியது. 2018இல் இலண்டன் நூதனசாலை புதியதோர் ஒளிப்பட நிலையத்தையும் திறந்து வைத்தது.

இதற்கு முன்னரும் இத்தகைய நிகழ்ச்சியொன்று உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் பெண்மணி 1864இல் தம் நண்பரான வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலுக்கு அன்பளிப்பாக வழங்கிய படத்தொகுப்பு, 1974இல் ஏலத்திலே 52,000 பவுணுக்கு விலைபோயிற்று. அது கடல் கடந்து செல்லாதவாறு ஏற்றுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டு, 1975இல் அத்தொகுப்புத் தேசிய உருவப்படக் கூடத்துக்காக மீட்கப்பட்டது. ஓவியத்தைப் போன்று ஒளிப்படமும் நாட்டின் பொதுச்செல்வம் என்னும் எண்ணம் அந்நாட்டில் வேரூன்றுவதற்கு இந்நிகழ்ச்சி பெரிதும் துணைபுரிந்தது எனலாம்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வாதிட்டோர் படைத்தவரையும் உடைமையாளரையும் காப்பாளரையும் பார்வையாளரையும் பற்றியே பேசினர். கண்ணாடித் தகட்டின் முன் அமர்ந்து தம் முகத்தைக் கொடுத்தோரைப் பற்றிய பேச்சுப் பெரிதும் எழவில்லை. அவர்களைப் பற்றிய வினாவே அம்மறுபாதியாகும். அதனை ஆராய்வதற்கு மேற்கூறிய கமரன் அம்மையாரின் வாழ்வும் படைப்பும் மிகவும் ஏற்றவை. ஏனெனில் அவர் வாழ்வின் இறுதி ஆண்டுகள் இலங்கையிலே கழிந்தன.

இரு தீவுகளில் ஒரு கலைஞர்

கமரன் என்னும் பெயர் இலங்கையின் வரலாறு பயின்றோர்க்குப் புதியதன்று. கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராக வந்து, நாட்டின் நீதிமுறை பற்றிய அறிக்கையை 1832இற் சமர்ப்பித்த சாள்ஸ் ஹே கமரனே இவ்வம்மையாரின் கணவர். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா, 1838இல் அவரை மணந்தார். 1848இல் இக்குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது; 1860 முதல் வைற் தீவிலுள்ள பிரெஷ்வோட்டர் என்னும் ஊரில் வாழ்ந்தது. இலங்கையின் மலைநாட்டிலே கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசாக அளித்தபோது அம்மையாருக்கு வயது 48. அக்காலத்து முறை மிகவும் கடினமானது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைத் திரவத்தைப் பூசி, அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவினுள் வைத்துப் படமெடுத்து, உடனேயே இருட்டறையிற் கழுவவேண்டும். அம்மையார் மங்கிய ஒளியையும் பெரிய தகடுகளையும் விரும்பியமையால், அமர்ந்திருப்போர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. சிற்றசைவினாலும் குவிவின் தளர்வினாலும் உருவங்கள் சற்றே மங்கின. சமகாலத்து ஒளிப்படக்காரர் பலர் இதனைத் திறமையின்மை என இகழ்ந்தனர். பிற்காலத்தினரோ அம்மங்கலினூடே மனித முகத்தின் உள்ளுணர்வு வெளிப்படுவதைக் கண்டனர். விக்ரோறியா அல்பேட் நூதனசாலையின் முன்னோடியான தென் கென்சிங்ரன் நூதனசாலை 1865இலேயே அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. 1868இல் அவர் படமெடுப்பதற்கென இரு அறைகளையும் அங்கு வழங்கியது.

தெனிசன், டார்வின், கார்லைல், ஹேர்ஷல் முதலிய பேரறிஞர்கள் அவருடைய கமராவின் முன் அமர்ந்தனர். அப்படங்கள் அவரவர் பெயராலேயே வழங்குகின்றன. அப்பெயர்களே படங்களுக்கு விலையையும் தந்தன.

அவருடைய வீட்டுப் பணிப்பெண்களின் நிலை வேறு. மேரி ஹிலியர் என்னும் உள்ளூர்ப் பெண் எண்ணற்ற படங்களிலே தோன்றுகின்றாள். ஆயின் பெரும்பாலான படங்களில் அவள் மேரி ஹிலியர் அல்லள். கன்னி மரியாள், அல்லது காவிய நாயகி. மேரி றயன் என்னும் மற்றொருத்தி, சிறுமியாகத் தாயுடன் இரந்து திரிந்தபோது அம்மையாரால் வீட்டுக்கு அழைத்து வரப்பட்டவள். 1865இல் இலண்டனில் நடைபெற்ற கண்காட்சியிலே அவளையும் அவளுடைய படத்தையும் கண்ட ஹென்றி கொட்டன் என்னும் இளைஞர், இரண்டு ஆண்டுகளின் பின் அவளையே மணந்தார். அவர் பின்னர் இந்திய சிவில் சேவையில் உயர்பதவி வகித்து, 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகவும் விளங்கினார். பணிப்பெண்களும் முதலிற் பெயரின்றியே படத்துள் நுழைந்தனர் என்பதும், ஊரின் பதிவேடுகளையும் குடும்ப நினைவுகளையும் துருவிய வரலாற்றாசிரியர் அவர்களுடைய பெயர்களை மீட்டனர் என்பதும் இங்கு கருதத்தக்கன. பெயரின்மை முதலில் வர்க்கத்தின் விளைவாக இருந்தது. கடல் கடந்தபின் அது இனத்தின் விளைவாகவும் ஆயிற்று.

1869 முதல் இலங்கையின் கோப்பிப் பயிரை இலைநோய் தாக்கலாயிற்று. குடும்பத்தின் செல்வம் குன்றியது. 1875இல் கமரன் தம்பதியினர் இலங்கைக்குப் புறப்பட்டனர். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியிற் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள சென் மேரிஸ் தேவாலய மயானத்திலே அவரது கல்லறை உள்ளது. மறு ஆண்டிற் கணவரும் காலமானார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியுள்ளவை 30ஐ எட்டா. அவற்றுட் சில, தாவர ஓவியரான மரியான் நோர்த் என்னும் அம்மையாரைக் காட்டுவன. 1877இல் களுத்துறைக்கு வந்த அவரைப் போர்வை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெயிலிலே தென்னோலைகளின் நடுவே நிறுத்திக் கமரன் அம்மையார் படமெடுத்த கதையை நோர்த் தம் நினைவுக் குறிப்பிலே நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். அதே குறிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. முதுகின் அழகிலே ஈடுபட்டு ஒரு மனிதனைத் தோட்டக்காரனாக அம்மையார் வைத்திருந்தார். வீட்டிலோ தோட்டமே இல்லை. நோர்த்துக்குப் பெயர் உண்டு. அவருடைய சொற்களும் நூலாகியுள்ளன. தோட்டக்காரனுக்கோ முதுகு மட்டுமே எஞ்சியது.

ஏனைய படங்கள் உள்ளூர் மக்களுடையவை. அவர்களிற் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் என ஆய்வாளர் கருதுவர். அப்படங்கள் இளம்பெண், குடியானவர் என்னும் பொதுப்பெயர்களால் அறியப்படுகின்றன. 1878ஐச் சார்ந்த ஒரு படம் இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கது. களுத்துறைக் குடியானவர் சிலர் அதிலே காணப்படுகின்றனர். படத்தின் குறிப்பு, சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை எனக் கூறுகின்றார் என்றும், தமக்கு வயது 100 எனத் தெரிவிக்கின்றார் என்றும் சொல்கின்றது. வயது எழுதப்பட்டுள்ளது, உறவு எழுதப்பட்டுள்ளது, முதியவரின் கூற்றும், அக்கூற்றைப் பற்றிய மெல்லிய ஐயமும் எழுதப்பட்டுள்ளன. பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

இது ஒரு குறையா?

இது ஒரு குறையே அன்று என்று வாதிடுவோர் உளர். அவர்களுடைய வாதங்கள் எளிதிற் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது வாதம் கலையின் இயல்பைப் பற்றியது. வரலாறு தனியொருவருக்கு நேர்ந்ததைக் கூறும். கவிதையோ பொதுவானதைக் கூறும். ஆகவே கவிதையே தத்துவத்துக்கு நெருங்கியது என்பது அரிஸ்ரோட்டிலின் கொள்கை. தமிழ் மரபும் இதனை அறியும். அகத்திணையிலே தலைவனையோ தலைவியையோ இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் வந்தவுடன் பாடல் ஒருவருடையதாகிவிடும். பெயரின்மையினாலேயே அது எல்லோருடையதுமாகின்றது. அவ்வாறாயின், களுத்துறைச் சிறுமியின் பெயரின்மையும் அவளை மானிட இளமையின் பொதுக் குறியீடாக உயர்த்தவில்லையா?

இவ்வாதம் அழகானது. ஆயின் அது ஒளிப்படத்தின் அடிப்படை இயல்பொன்றை மறக்கின்றது. அகப்பாடலின் தலைவி உலகில் எங்கும் இருந்தவள் அல்லள். புலவனின் உள்ளத்திலே தோன்றியவளுக்குப் பெயர் வழங்காமையால் எவரும் எதனையும் இழப்பதில்லை. ஓவியனும் பலரிடம் கண்ட உறுப்புகளை இணைத்து, இல்லாத ஒருத்தியைத் தீட்டலாம். ஒளிப்படத்துக்கு அத்தகைய சுதந்திரம் இல்லை. ஓர் உடலின் மீது பட்டுத் திரும்பிய ஒளி தகட்டிலுள்ள வெள்ளி உப்பை மாற்றுவதனாலேயே படம் உண்டாகின்றது. அந்த உடல் அன்று அங்கு இல்லையாயின் அந்தப் படமும் இல்லை. எனவே ஒளிப்படம் எத்துணைப் பொதுமை உணர்வைத் தூண்டினும், அதன் தோற்றத்திலே அது குறித்த ஒருவருடைய படமாகவே இருக்கும். அகத்திணையின் நெறி இங்குப் பொருந்தாது. புறத்திணை மரபே பொருந்தும். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டியோர் அக்கல்லிலே அவனுடைய பெயரையும் செயலையும் பொறித்தனர். வாழ்ந்த ஒருவனை நினைவிற் கொள்ளும் கல், அவன் யாவன் என்று சொல்லும் கடமையை உடையது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மேலும், பொதுமை என்னும் உயர்வு எல்லோர்க்கும் ஒரே முறையில் வழங்கப்பட்டதா என்பதும் நோக்கற்பாலது. டார்வினின் முகத்திலும் முதுமையின் பொதுமை உண்டு. கார்லைலின் முகத்திலும் துயரத்தின் பொதுமை உண்டு. அவர்களுடைய பெயர்களை நீக்கினாற் படம் மேலும் உயரும் என்று எவரும் கருதவில்லை. பெரியோர் பெயரோடும் பொதுமையை எய்தினர். எளியோர் தம் பெயரை இழந்தே அதனை எய்தவேண்டியிருந்தது. ஒருசாராரிடமிருந்து மட்டும் அறவிடப்படும் விலையைக் கலையின் விதி எனக் கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது வாதம் காலத்தைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செயலை இருபத்தோராம் நூற்றாண்டின் அளவுகோலால் அளத்தல் நீதியன்று என்பது அது. இதிலும் உண்மை உண்டு. அக்காலத்துப் பிற ஒளிப்படங்களுடன் ஒப்பிடும்போது கமரன் அம்மையாரின் இலங்கைப் படங்கள் தனித்து நிற்கின்றன. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூல், நூற்றுக்கணக்கான படங்களிலே மனிதரைச் சாதி, குல, இன வகைகளாகப் பிரித்து அடுக்கியது. 1869இல் லம்பிறே என்பார், நூலால் இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பின்னிய சட்டத்தின் முன் மனிதரை ஆடையின்றி நிறுத்தி உடலை அளக்கும் முறையொன்றை வகுத்தார். இவற்றின் பக்கத்தில் வைத்து நோக்குமிடத்து, கமரன் அம்மையார் களுத்துறை மக்களை அளக்கவில்லை, வகைப்படுத்தவுமில்லை. தெனிசனின் முகத்தில் விழுந்த அதே மென்மையான ஒளியை அவர்களுடைய முகங்களிலும் விழச் செய்தார். அவர்களுடைய பார்வையிலே கண்ணியமும் தயக்கமும் ஒருங்கே தெரிகின்றன. இதனை மறுப்பது நன்றிக் கேடாகும்.

ஆயினும், அக்காலத்தவர்க்குப் பெயர் எழுதும் வழக்கே தெரியாதிருந்தால் அன்றோ காலத்தின் மீது பழியைச் சுமத்தலாம்? அதே கை, அதே பத்தாண்டிலே, வேறு படங்களுக்குப் பெயரும் இடமும் ஆண்டும் எழுதியது. களுத்துறைப் படத்துக்கே வயதும் உறவும் எழுதப்பட்டன. ஆகவே எழுதும் வழக்கமும் இருந்தது. கேட்கும் வாய்ப்பும் இருந்தது. பெயரைக் கேட்டு எழுதுவது தேவை என்னும் எண்ணமே எழவில்லை.

இவ்விடத்திலே பழிக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். இறந்துபோன ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. கடனோ பழியைப் போன்று ஒருவருடன் மறைவதன்று. முதுசொத்தைப் பெறுவோர் அதன் மீதுள்ள ஈட்டையும் ஏற்கவேண்டும் என்பது தேசவழமை வழங்கும் மண்ணில் எவருக்கும் விளக்கவேண்டியதன்று. 1974இலே ஏற்றுமதியைத் தடுத்துப் படத்தொகுப்பை மீட்டோரும், 2016இலே எந்நகரம் பேணுவது என வாதிட்டோரும், ஒளிப்படங்கள் முதுசொம் என்பதையே நிலைநாட்டினர். அங்ஙனமாயின் அவற்றின் மீதுள்ள கடனும் அவற்றைப் பேணுவோரைச் சாரும்.

முகத்தைத் தருதலும் உழைப்பே

அக்கடன் எவ்வாறு உண்டாயிற்று? இம்மானுவேல் கான்ற் என்னும் தத்துவஞானி, மனிதனை வெறும் சாதனமாக மட்டும் கொள்ளுதல் தகாது, அவனை ஒரு நோக்கமாகவும் மதித்தல் வேண்டும் என்றார். இக்கூற்றில் 'மட்டும்' என்னும் சொல் முக்கியமானது. மனிதர் ஒருவரையொருவர் பயன்படுத்தாமல் வாழ முடியாது. தச்சனைப் பயன்படுத்தாது கதவு இல்லை. ஆயின் கூலி கொடுத்து, பெயர் சொல்லி அழைத்து, அவனும் தன் காரியத்தைத் தானே நடத்தும் ஒருவன் என்று மதிக்கும்பொழுது அவன் வெறும் சாதனமாவதில்லை.

ஒளிப்படத்தின் முன் அமர்வதும் ஒருவகை உழைப்பாகும். பல நிமிடங்கள் மூச்சையும் இமையையும் அடக்கி அசையாதிருந்த மேரி ஹிலியர் இல்லாமற் கமரன் அம்மையாரின் மரியாள் இல்லை. களுத்துறையின் வெப்பத்திலே, உலர்ந்துகொண்டிருக்கும் தகட்டின் முன் ஓர் அந்நியப் பெண்மணியின் சைகைக்கு இணங்கி நின்ற முதியவர் இல்லாமல் 1878ஆம் ஆண்டின் அப்படம் இல்லை. ஒரு படம் இருவர் கூடிச் செய்த பொருளாக இருக்க, ஒருவரின் பெயர் மட்டும் அதன் கீழே நிலைத்துவிட்டது. கூலி கொடுக்கப்பட்டிருப்பினும் இக்கடன் தீராது. ஏனெனிற் கூலி அன்றைய பொழுதுக்கு உரியது. படமோ நூற்றைம்பது ஆண்டுகளாக அவருடைய முகத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றது.

அக்காலத்து இலங்கையிலே தொழிலாளரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை எனவும் கருதலாகாது. கங்காணியின் கடன் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் அவை எழுதப்பட்டன. நாட்கூலியைக் கணக்கிடவும், முற்பணத்தை அறவிடவும், ஓடிப்போனவரைத் தேடவும் பெயர் தேவைப்பட்டது. ஆக, ஒருபுறம் முகமில்லாத பெயர்கள். மறுபுறம் பெயரில்லாத முகங்கள். உழைப்பைக் கணக்கிட்டோர் முகத்தைப் பாராதிருந்தனர். முகத்தின் அழகைக் கண்டோர் பெயரைக் கேளாதிருந்தனர். இரு ஏடுகளும் ஒரே மக்களைப் பற்றியனவாயினும், ஒன்றை மற்றொன்றுடன் இணைக்கும் நூல் அறுந்துவிட்டது.

இந்த அறுந்த நூல் வெறும் ஆராய்ச்சியாளரின் துயரம் எனக் கருதுவோர், அதன் பின்னைய வரலாற்றை நினைத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையின் அல்லது தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பு இந்நாட்டிலே நிகழ்ந்தது என்பதை நிறுவுமாறு கோரியபோது, மலையகத் தோட்டங்களில் இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோரின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே சீராக்கப்பட்டது. கமரன் அம்மையாரின் படங்களில் இருப்போரின் வழித்தோன்றல்கள் அவர்களுள் இருந்தனரா என்று எவராலும் சொல்ல முடியாது; சொல்ல முடியாமையே இங்கு கவனிக்கவேண்டியது. ஒருவருடைய பாட்டனின் முகம் இலண்டன் நூதனசாலையிலே கவனமாகப் பேணப்பட்டிருக்கலாம். அவர் இந்நாட்டில் வாழ்ந்தார் என்பதைக் காட்ட அவருடைய பேரனிடம் ஒரு தாளும் இல்லாதிருந்திருக்கலாம். பெயர் என்பது அலங்காரமன்று. உலகின் மீது ஒருவர் கொள்ளும் உரிமைக்கு அதுவே முதற் சான்று.

பெயர் மட்டும் போதுமா?

எனினும், பெயரை எழுதிவிட்டாற் கடன் முற்றாகத் தீர்ந்துவிடும் என நினைப்பதும் தவறு. கமரன் அம்மையாரே எடுத்த வேறொரு படம் இதனை உணர்த்தும். 1868இல் எதியோப்பியாவின் மக்தலாக் கோட்டையைப் பிரித்தானியப் படை தாக்கியபோது பேரரசர் இரண்டாம் தெவொட்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார். ஏழு வயதான அவருடைய மகன் அலெமாயெகு இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். தாயும் வழியிலேயே இறந்தாள். அதே ஆண்டிலே வைற் தீவில் கமரன் அம்மையார் அச்சிறுவனைப் படமெடுத்தார். இப்படத்திலே பெயர் உண்டு. அரசகுமாரன் என்னும் பட்டமும் உண்டு. ஆயின் அவனுடைய முகத்திலே தெரியும் தனிமையை எப்பெயரும் ஆற்றவில்லை. 1879இல், 18 வயதில், அவன் நோயுற்று இறந்து விண்ட்சர் கோட்டையிலே அடக்கம் செய்யப்பட்டான். அவனுடைய எச்சங்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பித் தருமாறு எதியோப்பியர் விடுத்த வேண்டுகோளை 2023இற் பிரித்தானிய அரண்மனை ஏற்க மறுத்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? பெயர் எழுதுதல் கடனைத் தீர்ப்பதன்று. கடன் உண்டென ஏற்றுக்கொள்வதாகும். அலெமாயெகுவின் பெயர் தெரிந்தமையினாலேயே, அவனுக்காக ஒரு நாடு இன்றும் குரல் எழுப்ப முடிகின்றது. பெயரற்றவர்களுக்காக எவர் எங்கே சென்று முறையிடுவது?

அங்ஙனமாயின், மீட்க முடியாத பெயர்களின் பொருட்டுச் செய்யக்கூடியது என்ன? கற்பனைப் பெயர் சூட்டுவது ஒரு வழியாகாது. அது இரக்கத்தினாற் செய்யப்படினும், மற்றொரு முறை அவர்களைக் கேளாது அவர்கள் மீது ஒன்றை ஏற்றுவதாகவே முடியும். படங்களை மறைத்துவிடுவதும் வழியன்று. எஞ்சியிருக்கும் ஒரே சுவட்டையும் அது அழித்துவிடும். தேடல் முதற் கடமை. வைற் தீவின் பணிப்பெண்களுக்காகப் பதிவேடுகளைத் துருவிய உழைப்பை, களுத்துறைக்காகவும் டிக்கோயாவுக்காகவும் எவரேனும் மேற்கொள்ளல் வேண்டும். தேவாலயப் பதிவுகளும் தோட்டக் கணக்குகளும் எஞ்சியுள்ள இடங்களிற் படங்களோடு அவற்றை ஒப்புநோக்கும் பணி, பிரித்தானிய வரலாற்றாசிரியருக்கு மட்டும் உரியதன்று. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் உரியது.

தேடியும் கிடையாதவிடத்து, உண்மையைச் சொல்லுதல் அடுத்த கடமை. 'இனந்தெரியாத பெண்' என்று ஒரு படத்தின் கீழ் எழுதுவதற்கும், 'பெயர் பதிவு செய்யப்படாத பெண்' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். முன்னையது, அவள் எவராலும் அறியப்படாதவள் என்னும் பொருளைத் தருகின்றது. அது பொய். அவளைத் தாய் அறிந்திருந்தாள், அயலார் அறிந்திருந்தனர், அவளைப் பெயர் சொல்லி அழைத்தோர் பலர் இருந்தனர். பின்னையதோ, அவளுக்குப் பெயர் இருந்தது என்றும், அதனை எழுதக்கூடிய ஒருவர் எழுதாது விட்டார் என்றும் கூறுகின்றது. முதற்குறிப்பிலே குறை படத்தில் இருப்பவளுடையதாகத் தோன்றுகின்றது. இரண்டாவதிலே குறை எழுதாத கையினுடையதாகின்றது. நூதனசாலையிலே சிறு அட்டையொன்றில் எழுதப்படும் இரு சொற்களிலும் நீதி தங்கியிருக்கக் கூடும்.

நூறு வயது எனத் தம்மைக் கூறிக்கொண்ட அம்முதியவர், அன்று வாய் திறந்து பேசினார் என்பது உறுதி. தம் வயதைச் சொன்னார். பக்கத்தில் நின்ற சிறுமி தம் மகள் என்றார். அவருடைய சொற்களைக் கேட்டு மொழிபெயர்த்தவர் ஒருவர் இருந்தார். கேட்டு எழுதியவர் ஒருவர் இருந்தார். மேலும் ஒரு வினாவை மட்டும் கேட்டிருந்தால் அவர் அதற்கும் விடை சொல்லியிருப்பார். அவ்வினா இன்றும் கேட்கப்படாமலே இருக்கின்றது. இனி அதற்கு விடை கிடைப்பது அரிது. எனினும், அவருடைய முகத்தின் அழகிலே இன்புறும் ஒவ்வொருவரும் அவ்வினாவைத் தம்முள்ளேனும் கேட்டுக்கொள்ளுதல், அம்முகத்துக்குச் செலுத்தவேண்டிய கடனின் முதற் பகுதியாகும்.